ஒரே ஒரு பிரதி: பழைய புத்தகக் கடைகள் பெரிய சந்தைக்குள் போன கதை

1999 டிசம்பரில் அமெரிக்காவில் 'ஏபி புக்மேன்ஸ் வீக்லி' என்ற வாரப் பத்திரிகை நின்றுபோனது. 1948-ல் தொடங்கிய பத்திரிகை, ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. பொதுமக்கள் யாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள். முன்னால் கொஞ்சம் கட்டுரை, செய்தி. மிச்சமெல்லாம் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாகப் புத்தகப் பெயர்கள்தான். பழைய புத்தக வியாபாரிகள், மற்ற பழைய புத்தக வியாபாரிகளுக்காகக் கொடுத்த விளம்பரங்கள் அவை. பெரும்பாலும் 'வேண்டும்' என்ற பட்டியல்.

அது நடந்த விதம் இப்படி. ஒரு வாடிக்கையாளர் ஓஹையோவில் ஒரு கடைக்கு வந்து, சின்ன வயசில் படித்த ஒரு பறவைப் புத்தகம் வேண்டும் என்கிறார். கடைக்காரரிடம் இல்லை. பெயரை எழுதி வாங்கிக்கொண்டு பத்திரிகைக்கு அனுப்புகிறார். அது அச்சாகி, நாடு முழுக்கப் போய்ச் சேர்கிறது. மெயின் மாநிலத்தில் ஒரு வியாபாரி ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பட்டியலை மேய்கிறார். 'அட, இது நம்ம மாடியில் கிடக்குதே' என்று ஒரு அஞ்சலட்டை எடுத்து, பதிப்பு, வருஷம், அட்டை எப்படியிருக்கிறது, விலை என்ன என்று நாலு வரி எழுதிப் போடுகிறார். ஓஹையோக்காரருக்கு மூன்று நான்கு அட்டைகள் வரும். பிடித்ததை வாங்கி, தன் லாபத்தை வைத்து வாடிக்கையாளருக்கு விற்பார். எல்லாம் முடிய ஒரு மாசம், ரெண்டு மாசம் ஆகும்.

இந்த வியாபாரத்தின் உண்மையான முதல் புத்தகம் இல்லை. எந்தப் புத்தகம் எங்கே கிடைக்கும், அது அரிதா மலிவா என்று ஒருத்தருக்குத் தெரிந்து இன்னொருத்தருக்குத் தெரியாமல் இருப்பதுதான் முதல். மெயின்காரருக்குத் தன் மாடியில் இருப்பது தெரியும், அது இன்னும் எத்தனை மாடிகளில் இருக்கிறது என்பது தெரியாது. வாடிக்கையாளருக்கு ரெண்டுமே தெரியாது. அந்த இடைவெளியில்தான் நாலு பேர் சாப்பிட்டார்கள். அடுத்த இருபது வருஷத்தில் அந்த இடைவெளி எப்படி அடைபட்டது, அடைத்தவர்களுக்குக் கிடைத்தது என்ன, கடைக்காரர்களுக்கு மிஞ்சியது என்ன என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். 'சொந்தமா ஒரு சின்ன வெப்சைட்ல விக்கிறோம், பெரிய தளத்துலயும் கடை போடலாமா?' என்று இன்றைக்குப் பலர் கேட்கிற கேள்வியை முதன்முதலில் பெரிய அளவில் சந்தித்தவர்கள் இந்தப் பழைய புத்தகக்காரர்கள்தான். துணி விற்பவர்களும் வளையல் விற்பவர்களும் வந்தது அதற்கப்புறம்.

பத்திரிகை விட்டுப்போன இன்னொரு சொத்தையும் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தைப் பார்க்காமலே வாங்குகிற வியாபாரம் என்பதால், 'நல்லா இருக்கு' என்றால் என்ன அர்த்தம் என்று பொதுவாக ஒரு முடிவு வேண்டியிருந்தது. 1949-ல் இந்தப் பத்திரிகை ஒரு தரவரிசையை முன்வைத்தது. புதிது போல, அருமை, மிக நன்று, நன்று, சுமார், மோசம், அப்புறம் நூலகத்திலிருந்து கழித்தது. ஒவ்வொன்றுக்கும் விளக்கம் உண்டு. இதில் 'நன்று' என்றால் உண்மையில் அவ்வளவு நன்றாக இல்லை என்பது வியாபாரிகளுக்குள் எல்லாருக்கும் தெரியும். தேய்ந்த புத்தகம், ஆனால் பக்கமெல்லாம் இருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பாஷை பின்னால் ஒரு பிரச்சினையாகப் போகிறது.

கணினி முதலில் வந்தது பத்திரிகையின் வேலையை வேகமாக்கத்தான். 1993-ல் ரிச்சர்ட் வெதர்ஃபோர்டு என்ற பழைய புத்தக வியாபாரி 'இன்டர்லாக்' என்ற சேவையை ஆரம்பித்தார். கடைக்காரர்கள் மோடம் வழியாகத் தங்கள் 'இருக்கு' பட்டியலையும் 'வேணும்' பட்டியலையும் ஏற்றுவார்கள். கணினி ரெண்டையும் பொருத்திப் பார்த்துச் சொல்லும். அஞ்சலட்டை போய்விட்டது, மற்றபடி பழைய ஏற்பாடேதான். வாடிக்கையாளர் வெளியே, வியாபாரிகள் உள்ளே.

வாடிக்கையாளரை உள்ளே விட்டவர்கள் கனடாவின் விக்டோரியா நகரத்தில் இருந்த ரெண்டு தம்பதிகள். அதில் ஒருவரான கேத்தி வாட்டர்ஸ் ஒரு சின்னப் பழைய புத்தகக் கடை வைத்திருந்தார். கணவர் கீத் வாட்டர்ஸுக்கு நிரல் எழுதத் தெரியும். ரிக், விவியன் பூரா என்ற தம்பதியோடு சேர்ந்து 1995-ல் 'அட்வான்ஸ்டு புக் எக்ஸ்சேஞ்ச்' என்பதை உருவாக்கி, 1996-ல் இணையத்தில் திறந்தார்கள். இன்றைக்கு 'ஏப்புக்ஸ்' என்று அறியப்படுவது அதுதான். அதே காலத்தில் மாசசூசெட்ஸில் 'பிப்லியோஃபைண்ட்' வந்தது. இன்டர்லாக் 1998-ல் 'அலிப்ரிஸ்' ஆனது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த அனிர்வான் சாட்டர்ஜி, இந்தத் தளங்களையெல்லாம் ஒரே நேரத்தில் துழாவி விலையை வரிசையாகக் காட்டுகிற 'புக்ஃபைண்டர்' என்ற தேடுபொறியை 1997-ல் வகுப்பு வேலையாகத் தொடங்கியிருந்தார்.

ஆரம்பகால ஏப்புக்ஸின் ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும், ஏன்னா பின்னால் வருவதோடு ஒப்பிட அதுதான் அளவுகோல். கடைக்காரர் மாசத்துக்கு ஒரு தொகை கட்டணும். அவ்வளவுதான். தேடுகிறவருக்குப் புத்தகம், விலை, கடையின் பெயர், ஊர், தொலைபேசி எண் எல்லாம் தெரியும். அவர் நேரடியாகக் கடைக்காரருக்கு மின்னஞ்சல் எழுதுவார் அல்லது போன் போடுவார். காசும் நேரே கடைக்காரருக்கே போகும். தளம் நடுவில் நிற்காது. நம்மூர் சந்தையில் இடத்துக்கு வாடகை கொடுத்துவிட்டு நம் பாட்டுக்கு நாம் விற்கிற மாதிரி. தராசு நம்முடையது, கடன் சொல்லிப் போகிற ஆளும் நம்முடைய ஆள்.

பட்டியலை ஏற்ற ஏப்புக்ஸ் 'ஹோம்பேஸ்' என்ற மென்பொருளை இலவசமாகவே கொடுத்தது. என் கணிப்பில், இந்தச் சின்ன விஷயம்தான் பழைய புத்தக உலகத்தை மாற்றியது. அதுவரை கடைக்காரரின் மண்டைக்குள்ளும் அட்டைப்பெட்டிகளிலும் இருந்த சரக்கு விவரம் முதன்முதலாக ஒரு கோப்பானது. யூ.ஐ.இ.இ. என்ற எளிய கோப்பு வடிவமும் புழக்கத்துக்கு வந்தது. வரிக்கு ஒரு தகவல், வரியின் தொடக்கத்தில் அது ஆசிரியரா தலைப்பா விலையா என்று சொல்லும் ரெண்டெழுத்துக் குறி. ஒரு தடவை தட்டச்சு செய்துவிட்டால் அதையே இந்தத் தளத்துக்கும் அனுப்பலாம், அந்தத் தளத்துக்கும் அனுப்பலாம், சொந்த வெப்சைட்டிலும் போடலாம். ஒரு கடை நாலு இடத்தில் கடை போடுவது அப்போதுதான் சாத்தியமானது.

இனி அமேசான்.

1995 ஜூலையில் கடை திறந்த அமேசான் புதுப் புத்தகம் விற்ற கம்பெனி. அச்சில் இல்லாத புத்தகத்தை யாராவது கேட்டால் வெளி வியாபாரிகளிடம் தேடித் தரும் ஒரு சேவையும் வைத்திருந்தது. 1999-ல் ஈபே கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது. அடுத்தவர் சரக்கை அடுத்தவரே விற்க, நடுவில் கட்டணம் மட்டும் வாங்குகிற தொழில். கிடங்கு வேண்டாம், சரக்கு தேங்காது. அமேசானுக்கு அந்த ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை. 1999 மார்ச்சில் சொந்தமாக ஏலத் தளம் திறந்தது. ஏப்ரலில் பிப்லியோஃபைண்டை வைத்திருந்த எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்தையும் வேறு ரெண்டு நிறுவனங்களையும் சேர்த்து சுமார் 645 மில்லியன் டாலர் மதிப்பில் வாங்குவதாக அறிவித்தது. செப்டம்பரில் 'இசட்ஷாப்ஸ்' வந்தது. யார் வேண்டுமானாலும் மாசம் 9.99 டாலர் கட்டி, விற்றதில் கொஞ்சம் தரகு கொடுத்து, அமேசானுக்குள் தனிக் கடை போட்டுக்கொள்ளலாம்.

ஏலமும் ஓடவில்லை, இசட்ஷாப்ஸும் ஓடவில்லை. ஏலத்துக்குத் தன் அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்களையும் சேர்த்து ஏழு பேர்தான் வந்தார்கள் என்று ஜெஃப் பெசோஸ் பிற்காலத்தில் பங்குதாரர்களுக்கான கடிதத்தில் கேலியாக எழுதினார். காரணம் ரொம்பச் சாதாரணம். இசட்ஷாப்ஸ் தனித் தெரு. அமேசானுக்குப் புத்தகம் வாங்க வந்தவர் நேரே புத்தகத்தின் பக்கத்துக்குப் போவார், வாங்குவார், போய்விடுவார். பக்கத்துத் தெருவில் கடை விரித்திருக்கிறவரை அவர் எட்டிப்பார்க்க வேண்டிய தேவையே இல்லை. 'பெரிய தளத்தில் கடை' என்று நம்பிப் பணம் கட்டியவர்களுக்கு அந்த வருஷம் ஏமாற்றம்தான்.

இதற்கிடையில் 'ஹாஃப்.காம்' என்று ஒரு புதுக் கம்பெனி 2000 ஜனவரியில் வந்தது. விளம்பரத்துக்காக ஆரிகன் மாநிலத்தில் ஹாஃப்வே என்ற குட்டி ஊரைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லிச் சம்மதிக்க வைத்தார்கள். ஊர்க்காரர்களும் கொஞ்ச காலத்துக்குச் சரி என்றார்கள்! அந்தக் கூத்தை விடுங்கள். அவர்கள் செய்த முக்கியமான காரியம் வேறு. விற்பவர் புத்தகத்தை விவரிக்க வேண்டியதே இல்லை. ஐஎஸ்பிஎன் எண்ணைத் தட்டினால் போதும், தலைப்பு, ஆசிரியர், அட்டைப்படம் எல்லாம் தானே வந்து உட்காரும். நிலைமை என்ன, விலை என்ன என்று மட்டும் சொல்லணும். ஈபே அதே வருஷம் அந்தக் கம்பெனியை வாங்கிக்கொண்டது.

2000 நவம்பரில் அமேசான் 'மார்க்கெட்பிளேஸ்' என்ற பெயரில் மூன்றாவது தடவையாக முயன்றது. இந்த முறை தனித் தெரு கிடையாது. ஒரு புத்தகத்துக்கு ஒரே பக்கம், அதிலேயே அமேசானின் புதுப் பிரதியும் இருக்கும், பக்கத்திலேயே 'பழையது இத்தனை டாலரிலிருந்து' என்றும் இருக்கும். தன் கல்லாப்பெட்டிக்கு முன்னாலேயே போட்டிக்காரனுக்குப் பாய் விரித்துக் கொடுத்த மாதிரி. கம்பெனிக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. பத்தாயிரம் பிரதி வாங்கி அடுக்கி வைத்தவருக்கு, அதே பக்கத்தில் யாரோ ஒருவர் பாதி விலைக்கு விற்பதைப் பார்த்தால் வயிறு எரியாதா? எழுத்தாளர் சங்கமும் பதிப்பாளர் சங்கமும் அந்த டிசம்பரிலேயே கண்டனம் தெரிவித்தன. பழைய பிரதி விற்றால் எழுத்தாளருக்கு ராயல்டி கிடையாதே. 2002 ஏப்ரலில் எழுத்தாளர் சங்கம் ஒருபடி மேலே போய், உங்கள் தளங்களிலிருந்து அமேசானுக்கான இணைப்புகளை எடுத்துவிடுங்கள் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. அமேசான் பின்வாங்கவில்லை.

கடைக்காரர்களுக்கு இது அடைமழை. சொந்த வெப்சைட்டில் வாரத்துக்கு ரெண்டு ஆர்டர் பார்த்தவர்களுக்கு, தினமும் காலையில் மின்னஞ்சலைத் திறந்தால் ஆர்டர். வெறும் எண்ணிக்கைதான் காரணம். புத்தகம் வாங்குகிற கூட்டம் ஏற்கெனவே அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அமேசான் வழியாக விற்றதில் வெளி விற்பனையாளர்களின் பங்கு 1999-ல் 3 சதவீதம், 2018-ல் 58 சதவீதம் என்று பெசோஸ் பின்னால் கணக்குச் சொன்னார். அந்த ஏணியின் முதல் படி பழைய புத்தகங்கள்தான்.

ஆனா, ஏற்றம் அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. முதல் முட்டுக்கட்டை எண். ஐஎஸ்பிஎன் சர்வதேசத் தரமாக வந்தது 1970-ல். அதற்கு முந்தைய புத்தகங்களுக்கு எண்ணே கிடையாது. பழைய புத்தகக்காரரின் நல்ல சரக்கு எது? பெரும்பாலும் அதற்கு முந்தையதுதான். ஆக, ரெண்டு வருஷத்துக்கு முன் வந்த துப்பறியும் நாவலை ஒரு நொடியில் ஏற்றிவிடலாம். 1890-ல் அச்சான பயண நூலை ஏற்ற, முதலில் அமேசானின் பட்டியலில் அதற்கு ஒரு பக்கம் இருக்கணும். இல்லாவிட்டால் உருவாக்கணும். இருந்தாலும் சிக்கல், ஏன்னா ஒரே பக்கத்தில் ஐந்து வெவ்வேறு பதிப்புகளைக் கொண்டுவந்து கட்டியிருப்பார்கள். முதல் பதிப்பும் மறுபதிப்பும் பக்கத்துப் பக்கத்தில், ஒன்று 300 டாலர், ஒன்று 6 டாலர். பார்க்கிறவர் 300 சொன்னவரைக் கொள்ளைக்காரன் என்றுதான் நினைப்பார்.

தரவரிசையும் மாறிப்போனது. 1949-ன் பாஷையில் பழகிய வியாபாரி 'நன்று' என்று எழுதினால், வாங்குகிற சாதாரண ஆள் அதை அகராதி அர்த்தத்தில் எடுத்துக்கொள்கிறார். புத்தகம் வந்ததும் 'இதுவா நன்று?' என்று ஒற்றை நட்சத்திரம். அமேசான் தன் பங்குக்கு 'புதிது போல, மிக நன்று, நன்று, ஏற்கத்தக்கது' என்று நாலாகச் சுருக்கியது. கிழிந்த மேலுறையைப் பற்றியோ, முதல் பக்கத்தில் பழைய உடைமைக்காரர் எழுதிய பெயரைப் பற்றியோ சொல்ல ஒரு சின்னக் குறிப்புப் பெட்டி. புத்தகத்தை வர்ணிப்பதில்தான் தன் திறமை என்று நினைத்த தலைமுறைக்கு இது பெரிய அவமானமாக இருந்திருக்கும்.

ரெண்டாவது முட்டுக்கட்டை, இந்தக் கட்டுரையின் தலைப்பு. பழைய புத்தகக்காரரிடம் ஒரு புத்தகத்துக்கு இருப்பது ஒரே ஒரு பிரதி. அதே பிரதி ஏப்புக்ஸில் இருக்கு, அலிப்ரிஸில் இருக்கு, அமேசானில் இருக்கு, சொந்த வெப்சைட்டில் இருக்கு, கடை அலமாரியிலும் இருக்கு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒருத்தர் கடைக்குள் வந்து கையில் எடுத்துக்கொண்டு போகிறார். சாயங்காலத்துக்குள் வேறொருவர் இணையத்தில் அதற்கே ஆர்டர் போடுகிறார். சட்டைப் பித்தான் விற்பவருக்கு இந்தக் கவலை இல்லை, அவரிடம் இன்னும் ஆயிரம் இருக்கும். புத்தகக்காரர் ஆர்டரை ரத்து செய்யணும், மன்னிப்புக் கேட்கணும், நட்சத்திரம் குறையும். ரத்துகள் கூடினால் தளமே வெளியேற்றும். ஆகவே ஒரு இடத்தில் விற்றதும் மற்ற எல்லா இடங்களிலிருந்தும் எடுக்கிற மென்பொருள் தேவைப்பட்டது. 'ஃபில்ஸ்' மாதிரியான சேவைகள் அப்படித்தான் பிழைத்தன. அவை இன்னொரு வேலையையும் சேர்த்துச் செய்தன. மற்றவர் என்ன விலை போட்டிருக்கிறார் என்று பார்த்து உங்கள் விலையைத் தானாக மாற்றும்.

இந்தத் தானியங்கி விலை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு 2011 ஏப்ரலில் நடந்த கூத்து ஒன்று போதும். பீட்டர் லாரன்ஸ் எழுதிய 'தி மேக்கிங் ஆஃப் எ ஃப்ளை' என்பது 1992-ல் வந்த உயிரியல் நூல், ஈயின் கரு வளர்ச்சி பற்றியது. பெர்க்லியில் பேராசிரியராக இருந்த மைக்கேல் ஐசன், அமேசானில் அதன் புதுப் பிரதியின் விலை 23,698,655.93 டாலர் வரை ஏறியதைப் பதிவு செய்தார். தபால் செலவு 3.99 தனி! ரெண்டு விற்பனையாளர்கள். ஒருவரின் மென்பொருள் அடுத்தவரின் விலையில் 0.9983 மடங்கு போடும், கொஞ்சம் மலிவாக இருக்கட்டும் என்று. இன்னொருவருடையது இவர் விலையில் சுமார் 1.27 மடங்கு போடும். ஐசன் யூகித்த காரணம் ருசியானது. அந்த ரெண்டாமவரிடம் புத்தகமே இல்லை, யாராவது வாங்கினால் முதலாமவரிடம் வாங்கிக் கொடுத்துவிட்டு வித்தியாசத்தை லாபமாக வைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு. ரெண்டு இயந்திரமும் ஒன்றையொன்று தூக்கிவிட, மனுஷர் யாரும் பார்க்காமலே விலை கோடிகளுக்குப் போய்விட்டது. யோசித்துப் பார்த்தால் அந்த ரெண்டாமவர் செய்தது பழைய ஓஹையோக் கடைக்காரர் செய்ததேதான், இல்லாததைத் தேடிப்பிடித்துத் தன் லாபம் வைத்து விற்பது. ஒரு அஞ்சலட்டையாவது வந்து அவரைத் தடுத்திருக்கும்.

விலை பொதுவாகப் போன திசை மேலே இல்லை, கீழே. எல்லாருடைய மாடியிலும் என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துபோனது. 'அரிது' என்று நாற்பது டாலருக்கு விற்றுக்கொண்டிருந்த புத்தகம், உண்மையில் இருநூறு பேரிடம் இருந்தது. ஒருவர் ஐந்து சென்ட் குறைப்பார், அடுத்தவர் பத்து. கடைசியில் ஒரு சென்ட். ஒரு சென்ட்டுக்குப் புத்தகம் விற்றால் எப்படிக் கட்டும்? 2000-களின் பிற்பகுதிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாங்குபவர் புத்தகத்துக்கு 0.01 டாலர், தபாலுக்கு 3.99, மொத்தம் 4 டாலர் கொடுப்பார். அதில் அமேசான் 1.35 டாலர் எடுத்துக்கொள்ளும். மீதி 2.65. புத்தகங்களுக்கான சலுகைத் தபாலில் ஒரு பவுண்டு எடைக்கு ரெண்டு டாலருக்குச் சற்று மேலே போகும். உறை, ஒட்டும் நாடா எல்லாம் போக சில்லறைக் காசுகள் மிஞ்சும். தினம் பத்துப் புத்தகம் அனுப்புகிற கடைக்கு இது பட்டினி. தினம் பத்தாயிரம் அனுப்புகிற கிடங்குக்கு இது தொழில். சியாட்டிலில் 2003-ல் தொடங்கிய 'த்ரிஃப்ட்புக்ஸ்', நோட்ரடேம் பல்கலைக்கழக மாணவர்கள் 2002-ல் தொடங்கிய 'பெட்டர் வேர்ல்டு புக்ஸ்' போன்றவை வளர்ந்தது இந்தக் காசில்தான். நன்கொடைக் கடைகளும் நூலகங்களும் கழித்த புத்தகங்கள் டன் கணக்கில் வரும், பட்டைக்குறியைப் படிக்கும் கருவி எதை வைக்கணும் எதைக் கூழுக்கு அனுப்பணும் என்று சொல்லும். பழைய கடைக்காரரின் முதலாக இருந்த அறிவு இப்போது கையடக்கக் கருவியில். நூலக விற்பனை நாட்களில் புத்தகத்தைத் திறந்தே பார்க்காமல் முதுகை மட்டும் திருப்பி 'பீப்' அடித்துக்கொண்டு போகிறவர்களைப் பழைய ஆட்கள் வெறுத்தார்கள்.

வாசகருக்கு இதெல்லாம் லாபம்தானே என்று கேட்டால், ஆமா, லாபம்தான். நாலு டாலரில் வீட்டு வாசலுக்கு வருகிற புத்தகத்தைக் குறைசொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஊரில் கடையே இல்லாத ஒருத்தருக்கு இது பெரிய விஷயம்.

கடைக்காரர் இழந்தது வேறு. ஆரம்பகால ஏப்புக்ஸில் வாங்கியவர் கடையின் ஆள். பெயர் தெரியும், ரசனை தெரியும், அடுத்த தடவை கடல் பயண நூல் ஒன்று கைக்கு வந்தால் எழுதிப்போடலாம். மார்க்கெட்பிளேஸில் வாங்கியவர் அமேசானின் ஆள். காசு அமேசான் வழியாக வரும். பார்சல் அனுப்ப முகவரி கிடைக்கும், ஆனால் அவரை உங்கள் கடைக்கு அழைக்கக் கூடாது என்பது விதி. பின்னால் வாங்குபவரின் நிஜ மின்னஞ்சலையும் மறைத்து இடையில் ஒரு மாற்று முகவரியை வைத்துவிட்டார்கள். புத்தகம் வந்ததும் 'எங்கே வாங்கினே?' என்று கேட்டால் 'அமேசான்ல' என்றுதான் பதில் வரும், மெயின் மாநிலத்து மாடி யாருக்கும் ஞாபகம் இருக்காது.

சொந்தக் கடை வைத்திருந்தவர்களைக் கடித்த இன்னொரு விதி, விலைச் சமநிலை. அமேசானில் போட்டிருக்கிற பொருளை உங்கள் சொந்த வெப்சைட்டில்கூட அதைவிட மலிவாக விற்கக் கூடாது. இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். சொந்தக் கடையில் தரகு கிடையாது, அதனால் கொஞ்சம் குறைத்து விற்று வாடிக்கையாளரைத் தன் பக்கம் இழுப்பதுதான் சின்னக் கடையின் ஒரே ஆயுதம். அந்த ஆயுதத்தையே வாசலில் வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி. 2010-ல் பிரிட்டனில் இந்த விதி வந்தபோது விற்பனையாளர்கள் கொதித்தார்கள். பிரிட்டிஷ், ஜெர்மன் போட்டி ஆணையங்கள் விசாரிக்க ஆரம்பித்தபின் 2013-ல் ஐரோப்பாவில் கைவிட்டார்கள். அமெரிக்காவில் 2019 வரை இருந்தது.

அப்படியென்றால் வேறு தளத்துக்குப் போகலாமே? இங்கேதான் கதை சுற்றி வளைத்து வருகிறது. அமேசான் வாங்கிய பிப்லியோஃபைண்டில் 2001-ல் பெரிய திருட்டு வெளியானது. ஏறக்குறைய 98,000 வாடிக்கையாளர்களின் கடன் அட்டை விவரங்கள் மாசக்கணக்கில் வெளியாட்கள் கைக்கு எட்டும்படி இருந்திருக்கின்றன. அதன்பின் அது தனித் தளமாக நீடிக்கவில்லை. ஏப்புக்ஸ் 2005-ல் புக்ஃபைண்டரையும், 2006-ல் ஃபில்ஸையும் வாங்கியது. 2008 டிசம்பரில் ஏப்புக்ஸையே அமேசான் வாங்கிவிட்டது. அமேசான் பிடிக்காமல் ஏப்புக்ஸுக்குப் போகிறவர், விலையை ஒப்பிட புக்ஃபைண்டருக்குப் போகிறவர், பட்டியலை நிர்வகிக்க ஃபில்ஸுக்குப் போகிறவர், மூணு பேரும் ஒரே முதலாளியின் வீட்டில் வேறு வேறு வாசல் வழியாக நுழைகிறார்கள்.

2018 நவம்பரில் ஒரு விசேஷம் நடந்தது. பணப் பட்டுவாடா செய்யும் நிறுவனம் விலகுவதால் ஹங்கேரி, செக் குடியரசு, தென் கொரியா உள்ளிட்ட சில நாடுகளின் கடைகளை மாதக் கடைசியோடு நிறுத்துவதாக ஏப்புக்ஸ் அறிவித்தது. எண்ணிக்கையில் அந்தக் கடைகள் கொஞ்சம்தான். ஆனால் அவர்களில் பலருக்கு வருமானத்தின் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. சில வாரத்தில் போ என்றால் எங்கே போவது? அரிய நூல் வியாபாரிகள் சண்டை போடுகிற ஜாதி இல்லை. தனித்தனியாக, அவரவர் மூலையில், கொஞ்சம் பொறாமையோடு வாழ்கிற கூட்டம். அவர்கள் நவம்பர் 5-ம் தேதி முதல் ஒரு காரியம் செய்தார்கள். தளத்தில் கடைக்காரர் ஊருக்குப் போகும்போது தட்டுகிற 'விடுமுறை' என்ற பொத்தான் இருக்கிறது. அதைத் தட்டினால் அவர் சரக்கு முழுவதும் தேடலில் மறைந்துவிடும். 27 நாடுகளைச் சேர்ந்த சுமார் 600 கடைக்காரர்கள் அதைத் தட்டினார்கள். லட்சக்கணக்கான புத்தகங்கள் காணாமல் போயின. ரெண்டே நாளில், அரிய நூல் வியாபாரிகளின் சர்வதேசக் கூட்டமைப்பின் தலைவரான ஆஸ்திரேலியாக்காரர் சாலி பர்டனிடம் ஏப்புக்ஸ் வருத்தம் தெரிவித்து, அந்தக் கடைகள் தொடர வழி செய்கிறோம் என்று இறங்கி வந்தது.

ஏன் இறங்கி வந்தது என்று பார்த்தால், மறுபடி அந்த ஒரே பிரதிதான். ஒரு சென்ட் நாவல் விற்கிற ஐந்து பேர் விடுமுறை எடுத்தால் ஆறாவது ஆள் விற்பார், யாருக்கும் தெரியாது. 1740-ல் அச்சான ஒரு நிலப்படத் தொகுதியை வைத்திருப்பவர் விடுமுறை எடுத்தால் தளத்தில் அது இல்லை. அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. பட்டியலிடுவதற்குப் பெரிய தொல்லையாக இருந்த அதே குணம் பேரம் பேசும்போது கைகொடுத்தது. சந்தைக்குள் போன எல்லாக் கடைக்காரர்களுக்கும் இந்தப் பலம் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லணும். ஐஎஸ்பிஎன் பட்டையோடு வருகிற சரக்கை மட்டும் விற்றவர்கள் இந்தப் பதினெட்டு வருஷத்தில் பெரும்பாலும் கிடங்குகளிடம் தோற்றார்கள்.

முழுக்க வெளியே வந்த ஒருவரைப் பற்றியும் சொல்லி முடிக்கிறேன். ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் இருக்கும் பவல்ஸ் புக்ஸ், புதுப் புத்தகத்தையும் பழைய புத்தகத்தையும் ஒரே அலமாரியில் கலந்து வைத்து விற்கிற பிரம்மாண்டமான கடை. 1971-ல் வால்ட்டர் பவல் தொடங்கியது. அமேசான் மார்க்கெட்பிளேஸிலும் பல வருஷம் பழைய புத்தகம் விற்றார்கள். 2020-ல் கொரோனாவால் மார்ச் மாதம் கடையை மூடினார்கள், இணைய ஆர்டர்தான் பிழைப்பு என்ற நிலை. யாரும் அப்போது ஒரு விற்பனை வழியை அடைக்கத் துணிய மாட்டார்கள். அந்த ஆகஸ்டில்தான் மூன்றாம் தலைமுறை உரிமையாளர் எமிலி பவல், இனி அமேசானில் விற்கப் போவதில்லை என்று பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். துணிச்சல்தான். ஆனால் அவரிடம் ஒரு நகரத் தொகுதியையே அடைத்துக்கொண்டு நிற்கும் கட்டடம் இருந்தது, நாடு முழுக்கத் தெரிந்த பெயர் இருந்தது, 1994-லேயே தொடங்கிய சொந்த இணையக் கடையும் இருந்தது. அமேசான் தன் முதல் புத்தகத்தை விற்கத் திறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால்.